ஒரு நாளும் காலியாக விடாத மிஷின்

மலை சுற்றுகிறவர்களுக்கு டீ போட்டே என் காலம் போய்விட்டது. உடம்புக்கு வரும்வரை நான் ஒரு தடவைகூட மலை சுற்றியதில்லை.

சொன்னால் யாரும் நம்புவதில்லை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டியே எங்கள் டீக்கடை. கடை தாண்டியதும் வரும் சந்தில் வீடு. வாசலில் நின்று தலையைத் தூக்கினால் மலை. ஆனால் பௌர்ணமி என்றால் ஊருக்குக் கிரிவலம், எங்களுக்கு வியாபாரம். சாயங்காலம் ஆரம்பிக்கும் கூட்டம் மறுநாள் வெயில் ஏறும்வரை ஓயாது. என் வீட்டுக்காரர் பாய்லரண்டை நிற்பார், நான் விறகு அடுப்பண்டை பஜ்ஜிக்கும் இட்லிக்கும் நிற்பேன். இரண்டு பேரில் ஒருவர் நகர்ந்தாலும் கடை நின்றுவிடும்.

"அடுத்த பௌர்ணமிக்குக் கடைய மூடிட்டு ரெண்டு பேரும் நடந்துடலாமா?" என்று கேட்பேன். "அடுத்த மாசம் பாக்கலாம்" என்பார். இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. கூட்டத்தைப் பார்த்ததும் நானே கரண்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவள்தான். இப்படியே எத்தனையோ அடுத்த மாசம் வந்து போய்விட்டது.

பாதையில் போகிறவர்களைப் பார்த்து, "உக்காந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிடுவேன். பாதிப் பேர் வருவார்கள். மீதிப் பேர் நடையை நிறுத்தாமலே, "உக்காந்தா எழுந்துக்க முடியாதும்மா, போயிகினே இருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு டீ போச்சே என்று இருக்கும். அதைவிட, அவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். வெறும் காலோடு, கையை வீசிக்கொண்டு, பக்கத்தில் இருக்கிறவரிடம் ஏதோ பேசிக்கொண்டே போவார்கள். எனக்குப் புண்ணியம்கூடப் பெரிதாக வேண்டாம். கையில் கரண்டி இல்லாமல், அவரோடு பேசிக்கொண்டே, அப்படி ஒரு தடவை நடக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

என் பெயர் தனலட்சுமி. வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. பெயரை எழுதும்போது இந்த வயதிலும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு ஒரே பெண், கவிதா. ஓசூரில் வேலை, அங்கேயே குடும்பம். "நீ பட்டதை எழுதும்மா, உன்னை மாதிரி மூச்சு வாங்கறவங்க ஊர்ல நிறையப் பேர் இருக்காங்க" என்று அவள்தான் சொன்னாள். பஜ்ஜி மடிக்க வாங்கிய பழைய பேப்பரையும் வாரப் பத்திரிகையையும் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கிழிப்பேன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் இருமல் வந்தது. காலையில் எழுந்ததும் சளியோடு இருமல். பிறகு குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. பிறகு குடம் இல்லாமலே வாங்கியது. ஊரில் எல்லாருக்கும் பனி, எனக்கும் பனி என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் மாவு கரைத்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம்தான் டவுனுக்குப் போனோம்.

ஆஸ்பத்திரியில் நுரையீரல் பார்க்கிற டாக்டரம்மா சின்ன வயது. "பீடி, சிகரெட் உண்டா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. "எங்க வீட்டுக்காரருக்கே கிடையாதுங்க" என்றேன். "சமையல் எதுல?" என்றார். "வெறகுங்க. கடையிலயும் வீட்டுலயும் சவுக்கு வெறகுதான்." அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். மூச்சைக் கம்ப்யூட்டரில் அளக்கிற சோதனை அது. ஊதாங்குழல் பிடித்தே வளர்ந்தவள் நான். ஊதுவதில் நம்மை மிஞ்ச யார் என்று தெம்பாகத்தான் உட்கார்ந்தேன். சோதனை எடுத்த பிள்ளை, "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க" என்று கத்திக்கொண்டே இருந்தது. என்னால் முடியவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"இதுக்குப் பேரு சிஓபிடி" என்றார் டாக்டரம்மா. "வெறகுப் புகையில உங்க மூச்சுக் குழாயெல்லாம் வீங்கிச் சுருங்கிப்போச்சு. காத்து உள்ள போயிடுது, வெளிய வரத்தான் கஷ்டப்படுது. பழைய காத்து உள்ளயே தங்கிட்டா புதுக் காத்துக்கு எங்க இடம்? இது முழுசா சரியாவறது இல்லம்மா. ஆனா ஜாஸ்தி ஆவாம பாத்துக்கலாம்."

"நான் மலை சுத்தலாங்களா?" என்று கேட்டேன்.

"முதல்ல என் ரூம்ல இருந்து ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் நிக்காம நடங்க. அப்புறம் பேசலாம்" என்றார்.

நான் மூன்று இடத்தில் நின்றேன். கேட்டண்டை வந்தபோது என் வீட்டுக்காரர் டிவிஎஸ் வண்டியைத் துடைப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விறகு அடுப்பை அன்றே இடித்தார். கடையை என் ஓரகத்தி மகள் செல்வி எடுத்துக்கொண்டாள். கேஸ் அடுப்பு போட்டாள். பாய்லர் மட்டும் எங்களுடையது. காலையும் மாலையும் உறிஞ்சுகிற மருந்து எனக்கு ஆரம்பமானது. வெயில் காலத்தில் தொண்டை காய்ந்து இருமல் விடாமல் வந்தபோது, கவிதா ஒரு மிஷின் வாங்கி அனுப்பினாள். தண்ணீர் ஊற்றிச் சுவிட்சைப் போட்டால் குளிர்ந்த ஆவியாக மேலே வரும். வேப்பரைசர் என்றாள், ஹியூமிடிஃபையர் என்றும் சொன்னாள். எங்கள் வாயில் அது புகை மிஷின் ஆகிவிட்டது. புகையால் கெட்டவளுக்குப் புகை மிஷினா என்று செல்வி கேலி பண்ணுவாள்.

மிஷின் வந்ததும் அதன் பொறுப்பு முழுக்க அவர் கைக்குப் போய்விட்டது. டீ மாஸ்டருக்குத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. பாய்லர் காலியாகக் கூடாது. தண்ணீர் குறையக் குறைய மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காலி பாய்லர் அடுப்பில் இருந்தால் ஓட்டை விழும், கடைக்கும் ஆகாது. அந்தச் சட்டத்தையே புகை மிஷினுக்கும் போட்டார். போர் தண்ணீரை ஒரு சொம்பில் எடுத்து வந்து, காலையில் கொஞ்சம், ராத்திரி படுக்கும்முன் கொஞ்சம் என்று ஊற்றிக்கொண்டே இருப்பார். தைலம் வாசனை மூச்சுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு சொட்டு தைலமும் விடுவார். "உனக்கு ஒரு நாளும் கொறையில்லாம பாத்துக்கறேன் பாரு" என்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாளில் டிவி மேலும் அலமாரி மேலும் வெள்ளையாக மெல்லிய தூள் படிய ஆரம்பித்தது. துடைத்தால் மறுநாளும் வரும். "வீட்டுக்குள்ளயே விபூதி கொட்டுது, அண்ணாமலையார் நம்மள விடல" என்றார். நானும் ஒரு விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. டிவிஎஸ், பாய்லர், வடிகட்டி, அரிவாள்மணை எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தார். என்னைக் காப்பாற்றுகிற மிஷினை விட முடியுமா? அதற்கும் வெளியே துடைத்துப் பொட்டு வைத்தார். பூஜை அன்று பாத்திரம் காலியாக இருக்கக் கூடாது என்று கழுத்துவரை தண்ணீர் ஊற்றி நிறைகுடமாக வைத்தார். பூஜையில் வைத்த பொருளை அன்று எடுத்து வேலை வாங்கக் கூடாது. விஜயதசமி முடிந்ததும் கவிதா லீவுக்கு வரச் சொன்னாள் என்று ஓசூருக்குப் போய்விட்டோம். பேரப் பிள்ளையோடு இருந்ததில் நாள் போனதே தெரியவில்லை. திரும்பி வந்த அன்று எனக்குத் தொண்டை காய்ந்திருந்தது. தண்ணீர்தான் நிறைய இருக்கிறதே என்று அவர் சுவிட்சைப் போட்டார்.

இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் வந்தது. சளி நிறம் மாறியது. உறிஞ்சுகிற மருந்துக்குக் கேட்கவில்லை. ஒரு காலையில் பேச வாயைத் திறந்தேன், மூச்சுக்கும் பேச்சுக்கும் சேர்த்துக் காற்று போதவில்லை. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செல்விதான் ஆட்டோ பிடித்து வந்தாள்.

ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ரத்தத்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். அதைப் பார்த்ததும் எல்லாரும் ஓடினார்கள். மணிக்கட்டில் ஆழமாக ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். நாடி ரத்தமாம். மற்ற ஊசியெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் வெள்ளைத் திட்டு. நிமோனியா என்றார்கள். ஏற்கெனவே கெட்ட நுரையீரலில் கிருமியும் புகுந்துவிட்டது என்று அர்த்தம். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற முகமூடி ஒன்றைப் பட்டை வைத்து இறுக்கினார்கள். அது காற்றை உள்ளே தள்ளும். நாம் இழுப்பதற்கு முன்னாலேயே அது தள்ளும். முதலில் அதோடு சண்டை போட்டேன். "சண்ட போடாதீங்கம்மா, அது போக்குக்கு விடுங்க" என்றார் நர்ஸ். விட்டதும்தான் நெஞ்சு கொஞ்சம் இறங்கியது.

செத்துவிடுவேன் என்று பயந்தேன். இதை எழுதுவதில் வெட்கம் இல்லை. முகமூடிக்குள் படுத்துக்கொண்டு கவிதாவை நினைத்தேன், பேரனை நினைத்தேன். அதற்கப்புறம் மலையைத்தான் நினைத்தேன். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்துவிட்டு, சுற்றாமலே போகிறோமே என்று அழுகை வந்தது. முகமூடிக்குள் அழுதால் துடைக்கக்கூட முடியாது.

தேறி வார்டுக்கு வந்தபோது ஜன்னல் ஓரக் கட்டில் கிடைத்தது. ஜன்னலில் மலை தெரிந்தது. ஆனால் அது என் மலை இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் மலை ஒவ்வொரு மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்தில் அகலமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். டவுன் பக்கம் கூர்மையாக நிற்கும். என் பக்கத்து மலையைப் பார்க்க வேண்டும்போல ஏங்கிப்போனேன்.

அவர் வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தார். காலையில் பிளாஸ்கில் கஞ்சி வாங்கி வந்து, ஆற்றி, ஸ்பூனால் கொடுப்பார். என் தலை சிக்குப் பிடித்துக் கிடப்பதைப் பார்த்து, ஒரு நாள் சீப்பு வாங்கி வந்து வாரிப் பின்னிவிட்டார். ஒரு சொட்டு சிந்தாமல் டீ ஆற்றுகிற கை, சடையைக் கயிறு முறுக்குவதுபோல முறுக்கி வைத்தது. பக்கத்துக் கட்டில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நான் அந்தச் சடையை வீட்டுக்குப் போகும்வரை அவர் கையால்தான் போட்டுக்கொண்டேன்.

என் தலைமாட்டில் ஆக்சிஜன் வருகிற குழாயில் ஒரு சின்ன பாட்டில் உண்டு. அதில் தண்ணீர் எப்போதும் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். காய்ந்த ஆக்சிஜன் மூக்கைப் புண்ணாக்காமல் இருக்க, அந்தத் தண்ணீர் வழியாக ஈரமாகி வருகிறது. நர்ஸ் தினமும் காலையில் அந்தப் பாட்டிலைக் கழற்றி, இருக்கிற தண்ணீரைக் கொட்டிவிட்டு, சீல் போட்ட பாட்டிலை உடைத்துப் புதுத் தண்ணீர் ஊற்றுவார். என் வீட்டுக்காரருக்கு இது பொறுக்கவில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"பாதி இருக்குதே சிஸ்டர், ஏன் கொட்டறீங்க? மேல ஊத்திக்கலாமே."

"மேல ஊத்தக் கூடாதுங்க. நின்ன தண்ணில கிருமி வளரும். அது நேரா அவங்க நெஞ்சுக்குள்ள போவும்."

"எங்க வீட்டு மிஷின்ல நான் ஒரு நாளும் காலியா விட்டது இல்ல" என்றார் பெருமையாக. "கொறையக் கொறைய ஊத்திகினே இருப்பேன்."

நர்ஸின் கை நின்றது. "என்னா மிஷின்?" என்றார். இவர் விவரமாகச் சொன்னார். போர் தண்ணீர், தைலம், நிறைகுடம், ஓசூர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகம் மாறுவதை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

டாக்டரம்மா மிஷினைக் கொண்டுவரச் சொன்னார். இவர் வீட்டுக்குப் போய்த் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. டாக்டரம்மா பொட்டைப் பார்த்தார், சிரிக்கவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. கையுறை போட்டு, தண்ணீர்ப் பெட்டியின் உள்ளே ஒரு விரலால் தடவி எங்களுக்குக் காட்டினார். விரலில் வழவழப்பாக இளஞ்சிவப்பில் ஏதோ ஒட்டியிருந்தது.

"பாய்லர்ல நாங்க அப்படித்தாங்க பண்றோம்" என்றார் இவர். குரல் இறங்கியிருந்தது.

"உங்க பாய்லர் கொதிக்குதுங்க. கொதிக்கிற தண்ணில கிருமி பொழைக்காது. இது கொதிக்கறதே இல்ல. தண்ணிய அதிர வெச்சு, பொடியாக்கிக் காத்துல விடுது. தண்ணில என்ன இருக்குதோ அதுவும் சேந்து வெளிய வரும். போர் தண்ணி உப்பும் வரும். வீட்டுல வெள்ளையா தூள் படிஞ்சுதா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். விபூதி என்று யாரும் சொல்லவில்லை.

"இதனாலதான் வந்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "இவங்களுக்கு எது வழியா வேணா கிருமி தொத்தும். சளி டெஸ்ட்ல வந்திருக்கற கிருமி தண்ணில வளர்ற ஜாதி. இது ஒரு வழியா இருந்திருக்கலாம். இனிமே இதைச் சுத்தமா வெச்சுக்க முடிஞ்சா வெச்சுக்கங்க. முடியாதுன்னா வேணாம். இது இல்லாமயும் இருக்கலாம்."

அன்று என் வீட்டுக்காரர் கஞ்சியைக் கொடுத்தார், ஆற்ற மறந்துவிட்டார். நாக்கு சுட்டது.

"இன்னா டீ மாஸ்டர், மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு?" என்றேன்.

"உன்ன நான்தான் இங்க கொண்டாந்து படுக்க வெச்சுட்டேன் தனம்."

"காலியாவாம பாத்துகினது ஒரு குத்தமா? உங்க ஜாதகத்துலயே பாய்லர்தான் எழுதியிருக்குது, நீங்க இன்னா பண்ணுவீங்க. சீப்ப எடுங்க, தலை வாருங்க."

சீப்பை எடுத்தார். பின்னால் உட்கார்ந்து, வாரிய இடத்தையே திரும்பத் திரும்ப வாரிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் துளிகூட இல்லை. வீட்டுக்குப் போக வேண்டும், இவர் பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

அடுத்து நடக்க வைக்க பிசியோதெரபி தம்பி ஒருவர் வந்தார். மூச்சு விடவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். "மூக்கால இழுங்க. வாயைக் குவிச்சு மெதுவா விடுங்க. சூடான டீயை ஊதிக் குடிக்கற மாதிரி. இழுக்கறதவிட விடறதுக்கு ஜாஸ்தி நேரம். முதல்ல காலி பண்ணுங்கம்மா, உள்ள வர்றது தானா வரும்." வாழ்நாள் முழுக்க டீ விற்றவளுக்கு இதைவிடச் சுலபமாக யார் சொல்ல முடியும்? அப்படி ஊதி ஊதி விட்டால் நெஞ்சில் முட்டிக்கொண்டிருப்பது மெல்ல இறங்கும். மூச்சு வாங்கும்போது பதறி இழுக்காமல், விட்டுப் பாருங்கள். இன்றைக்கும் என்னைக் காப்பாற்றுவது அதுதான்.

வார்டின் நடுவில் நர்ஸ்கள் உட்காரும் பெரிய மேஜை. அதைச் சுற்றி நடக்கச் சொன்னார் தம்பி. "இப்படி வாங்கம்மா" என்று என்னைத் திருப்பினார். நான் நின்றுவிட்டேன்.

"அப்படி இடமா சுத்தக் கூடாது தம்பி. வலமாத்தான் வருவேன்."

"மேஜைதாம்மா அது."

"எதுவா இருந்தா இன்னா? சுத்தறதுன்னா வலமாத்தான் சுத்தணும்."

தம்பி திருவண்ணாமலைக்காரர்தான். வாதாடாமல் ஒதுங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஆக்சிஜன் சிலிண்டரைச் சக்கர வண்டியில் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தார். ஒரு சுற்று வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் பக்கத்துக் கட்டில் அம்மா கையெடுத்துக் கும்பிட்டது. வார்டே சிரித்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சுற்றிய முதல் சுற்று அது. நடுவில் மலைக்குப் பதில் மாத்திரையும் ஊசியும் இருந்தன.

வீட்டுக்கு அனுப்பினார்கள். பில்லைக் கவிதா வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள், எங்களிடம் காட்டவில்லை. கேட்டால், "மாத்திரையை மட்டும் நீ பாத்துக்கோ" என்கிறாள்.

மிஷினைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. கவிதாவை வைத்து அதோடு வந்த தாளை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். டாக்டரம்மாவிடமும் இரண்டு தடவை கேட்டு வந்தார். இப்போது தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, மூடி ஆற வைத்து, அதைத்தான் ஊற்றுகிறார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. அதனால் முடிந்தபோது மருந்துக் கடையில் காய்ச்சி வடித்த தண்ணீர் கேட்டு வாங்குகிறார். வண்டி பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரும் அதுதானே என்று மெக்கானிக் ஒருவர் சொன்னதற்கு, அதெல்லாம் மூச்சுக்கு ஆகாது என்று அவரையே திட்டிவிட்டு வந்தார். தைலத்தை நிறுத்தியாயிற்று. மிஷின் என் முகத்துக்கு நேராக இல்லை, எட்ட வைத்திருக்கிறது. தலையணை ஈரமானாலோ மழை பெய்தாலோ போடுவதில்லை.

காலையில் எழுந்ததும் முதல் வேலை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிச்சத் தண்ணீரைக் கொட்டுவது. எவ்வளவு மிச்சம் இருந்தாலும் கொட்டிவிடுவார். பெட்டியை அலசித் துடைத்து, வெயிலில் கவிழ்த்து வைப்பார். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து ஊற வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்து, வாசனை போகும்வரை அலசுவார். முதல் தடவை கவிழ்த்து வைத்தபோது பார்த்தேன், அவரால் அதைப் பார்க்க முடியவில்லை. காலி பாத்திரத்தைக் கவிழ்ப்பது அவர் கைக்குப் பழக்கமே இல்லை. இந்த ஆயுத பூஜைக்கும் மிஷினுக்குப் பொட்டு உண்டு, காலியாகத்தான் வைப்பேன், சாமி கோவிச்சுக்காது என்று இப்போதே சொல்லிவிட்டார்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் டாக்டரம்மாவிடம் பழைய கேள்வியைக் கேட்டேன். "ஒரேயடியா சுத்தணும்னு யாரு சொன்னாங்க?" என்றார். "தினமும் கொஞ்சம் நடங்க. விரல் கிளிப்பு ஒண்ணு வாங்கி மாட்டிப் பாருங்க. நான் சொன்ன அளவுக்குக் கீழ எறங்கினா உக்காந்துடுங்க."

அப்படித்தான் துண்டு துண்டாக ஆரம்பித்தேன். எங்கள் சந்து முனையில் முதல் அடி. அங்கிருந்து முதலில் வருவது வாயு லிங்கம். காற்றுக்கு என்றே ஒரு சாமி இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது, நான் கும்பிடக்கூட வந்ததில்லை. மறுநாள் அவர் டிவிஎஸ்ஸில் கொண்டுபோய், முதல் நாள் நிறுத்திய இடத்தில் இறக்கிவிடுவார். பிறகு வண்டிப் புகை எனக்கு ஆகாது என்று வெகு முன்னால் போய், சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். டீயை ஊதுவதுபோல ஊதிக்கொண்டே நடப்பேன். உடம்பு முடியாத நாள், மழை நாள் எல்லாம் போக, வாரங்கள் மாதங்களாகின. டவுனைத் தாண்டினேன், ரமணாசிரமம் பக்கம் தாண்டினேன். மலை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் திரும்பி, மெல்ல என் பக்கத்து மலையாக ஆகிக்கொண்டு வந்தது.

எல்லாம் சரிதான். ஆனால் நான் தனியாக நடந்தேன். அவர் எப்போதும் முன்னால் போய் ஸ்டூலோடு உட்கார்ந்திருந்தார். பேசிக்கொண்டே போகிற ஜோடிகளைப் பார்க்கும்போது பழைய பொறாமை அப்படியே இருந்தது. வருண லிங்கம்வரை வந்து, மீதி எங்கள் வீடுவரைக்கும் ஒரே ஒரு துண்டு இருந்தபோது, நான் நிறுத்திவிட்டேன். "முடிச்சுடலாமா?" என்று கேட்டார். "இருக்கட்டும், பௌர்ணமி வரட்டும்" என்றேன். அவருக்குப் புரிந்தது.

பௌர்ணமி வந்தது. மத்தியானமே வண்டியில் வருண லிங்கத்துக்குப் போய், பக்கத்தில் தெரிந்தவர் தோட்டத்தில் அதை விட்டோம். வெயில் தாழ்ந்ததும், பெரிய கூட்டம் சேரும்முன் கிளம்பினோம். கற்பூரப் புகைக்கு மாஸ்க் போட்டுக்கொண்டேன். மடித்த ஸ்டூல் ஒன்றை அவர் தோளில் மாட்டிக்கொண்டார். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டோம். அவர் என் பக்கத்திலேயே நடந்தார்.

எதைப் பற்றிப் பேசினோம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். பால் விலை பற்றிப் பேசினோம். பேரனுக்குப் பல் முளைத்ததைப் பற்றி, செல்வி சர்க்கரை ஜாஸ்தி போடுவதைப் பற்றிப் பேசினோம். நடுவில் இரண்டு தடவை ஸ்டூலில் உட்கார்ந்து ஊதினேன். விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்துத் தலையாட்டினார். நிலா மலைக்குப் பக்கவாட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

எங்கள் கடை வந்தது. பாதையில் நடந்து போகிறவளாக அந்தக் கடையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பாய்லரில் ஆவி பறந்துகொண்டிருந்தது. செல்வி தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டாள். வாயெல்லாம் பல்லாகக் கூப்பிட்டாள்.

"பெரியம்மா, உக்காந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."

அவர் நடை தயங்கியது. பாய்லரைப் பார்த்தால் அவர் கால் தானாக நிற்கும். பெஞ்சில் இடமும் இருந்தது. எனக்கும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது. சந்து முனை கண்ணுக்குத் தெரிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வாயைக் குவித்து, உள்ளே இருந்ததை எல்லாம் மெதுவாக வெளியே விட்டேன். பிறகு நடையை நிறுத்தாமலே சொன்னேன்.

"உக்காந்தா எழுந்துக்க முடியாதும்மா. போயிகினே இருக்கோம்."